அளவுக்கு ஒரு வேரியபிள், ஆம்-இல்லைக்கு ஒரு பிட்: சிஎன்சி சாப்ட்வேரை வீட்டிலேயே பழகலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கடிதம் டைப் செய்கிறார்கள், படம் பார்க்கிறார்கள், இன்டர்நெட்டில் உலா வருகிறார்கள். இதே கம்ப்யூட்டர் கல்லையும் மரத்தையும் செதுக்கும் ஒரு மெஷினை இயக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் உங்கள் வீடு இருந்தால் உறவினரோ நண்பரோ கல் வேலை, மர வேலை, பெயர்ப் பலகை வேலை என ஏதாவது ஒன்றில் இருப்பார். அவருடைய பட்டறைக்கு சிஎன்சி மெஷின் வந்தால், "உன் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்" என்று உங்களைத்தான் கூப்பிடுவார்.

அப்படிக் கூப்பிடும்போது உதவும் இரண்டு விஷயங்களை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஒன்று, நாமே அமைத்துக் கொள்ளும் வேரியபிள்கள். மற்றொன்று, நாமே அமைத்துக் கொள்ளும் பிட்கள். இவற்றைப் பழக மெஷின் தேவையில்லை. லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச சாப்ட்வேரும் உங்கள் வீட்டு கம்ப்யூட்டரும் போதும்.

சிற்பி ஏற்கனவே செய்வதுதான்

மயிலாடி கல் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே ஒரு சிற்பி வேலையைத் தொடங்கும் முன் கல்லில் கோடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் டேப்பைப் பிடித்து மூக்கு இத்தனை மில்லிமீட்டர், கை இத்தனை மில்லிமீட்டர் என்று தனித்தனியாகக் குறிப்பதில்லை. சிலையின் மொத்த உயரத்தைப் பங்கிடுகிறார். நவதாலம் என்றால் உயரம் 108 பங்கு. ஒரு பங்கு ஓர் அங்குலம். முகம் 12 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல. சிலைக்குச் சிலை மாறும். 216 மில்லிமீட்டர் சிலையில் ஓர் அங்குலம் 2 மில்லிமீட்டர். முகம் 24 மில்லிமீட்டர். சிலை இரு மடங்கானால் எல்லாம் தானாக இரு மடங்காகிவிடும்.

இதுதான் வேரியபிள். மாறக்கூடிய ஓர் அளவை ஓர் இடத்தில் மட்டும் எழுதி வைத்து, மற்ற அளவுகளை எல்லாம் அதிலிருந்து கணக்கிட்டுக் கொள்வது.

பிட் என்பது இன்னும் எளிது. வீட்டில் உள்ள லைட் சுவிட்சைப் போல இரண்டே நிலைகள்: 1 அல்லது 0. தண்ணீர் வருகிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டுமா? 1 என்றால் அடிக்கும், 0 என்றால் நிற்கும்.

எவ்வளவு என்ற கேள்விக்கு வேரியபிள். உண்டா இல்லையா என்ற கேள்விக்கு பிட். இதை மனதில் வைத்துக் கொண்டு மேலே செல்வோம்.

சாப்ட்வேர் எங்கே கிடைக்கும்?

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், மெஷின்களை இயக்க இஎம்சி என்ற சாப்ட்வேரை உருவாக்கிப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தது. அதன் வழியில் வளர்ந்ததே இன்றைய லினக்ஸ்சிஎன்சி. லினக்ஸ்சிஎன்சி டாட் ஆர்க் என்ற தளத்தில் இதன் ஐஎஸ்ஓ பைல் இலவசமாகக் கிடைக்கிறது. பைல் பெரியது, நல்ல இணைப்பு உள்ள இடத்தில் டவுன்லோட் செய்திடுங்கள். அதைப் பென் டிரைவில் எழுதி, அந்தப் பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்யலாம். உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பூட் ஆகும்போது வரும் மெனுவில் லைவ் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் கேள்விகளுக்கெல்லாம் ஓகே கொடுத்துக் கொண்டே போனால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அழிந்து போகலாம். லைவ் முறையில் எழுதும் பைல்கள் கம்ப்யூட்டரை ஆப் செய்தால் மறைந்து விடும். எனவே வேண்டியதை வேறொரு பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளுங்கள்.

லினக்ஸ்சிஎன்சியை இயக்கியவுடன் எந்த அமைப்பு வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் சிம் என்ற பிரிவில் ஆக்சிஸ், அதற்குள் ஆக்சிஸ் எம்எம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது பொய் மெஷின். திரையில் மட்டும் ஓடும், எதையும் உடைக்காது. எப்1 கீயை அழுத்தினால் எமர்ஜென்சி ஸ்டாப் விலகும். எப்2 அழுத்தினால் மெஷின் ஆன் ஆகும். பிறகு ஹோம் ஆல் பட்டனை கிளிக் செய்திடுங்கள். எப்5 அழுத்தினால் ஒவ்வொரு கட்டளையாக டைப் செய்யும் எம்டிஐ டேப் கிடைக்கும்.

முதல் வேரியபிள்

லினக்ஸ்சிஎன்சி தன் வேரியபிள்களை பாராமீட்டர் என்று அழைக்கிறது. பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு முன் # அடையாளம் வரும். கீ போர்டில் ஷிப்ட் கீயுடன் 3 அழுத்தினால் இந்த அடையாளம் கிடைக்கும். #31 முதல் #5000 வரை நம் விருப்பம் போல் பயன்படுத்தலாம். #1 முதல் #30 வரை உள்ளவை சப்ரொட்டீன்களுக்கு உரியவை. இப்போது தொட வேண்டாம். 5000க்கு மேல் உள்ளவை சாப்ட்வேர் தன் கணக்குக்கு வைத்திருப்பவை. படிக்கலாம், எழுதக் கூடாது.

எம்டிஐ பெட்டியில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

#100 = 133

எதுவும் நடக்காதது போல இருக்கும். ஆனால் 100ஆம் எண் அறையில் 133 போய் உட்கார்ந்து விட்டது. சரிதானா என்று பார்க்க (டிபக், #100) என்று டைப் செய்திடுங்கள். திரையின் ஓரத்தில் சிறிய செய்தியாக மதிப்பு வரும்.

இங்கே ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் ஜி, எம், எக்ஸ், டிபக் என்று தமிழில் அச்சிட்டிருப்பதை கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக்களிலேயே டைப் செய்திட வேண்டும்.

வள்ளுவர் சிலையை அளவெடுப்போம்

133 என்றவுடன் உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. இதில் பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. பீடத்தின் மேல் நிற்கும் சிலை 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க இந்தச் சிலையின் சிறு உருவை ஒரு கல் பலகையில் செதுக்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 133 மில்லிமீட்டர். முதலில் சிற்பி போடுவது போலவே அடிக்கோடு, பீடத்தின் மேல்கோடு, தலைக்கோடு என மூன்று கோடுகள் மட்டும் போடுவோம். டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து இந்த வரிகளை எழுதுங்கள்:

#100 = 133
#101 = [#100 * 38 / 133]
#102 = [#100 - #101]
#103 = 5
#104 = -0.5
#105 = 200
#106 = 60

#100 மொத்த உயரம். #101 பீடம். #102 சிலை. #103 ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது டூல் கல்லுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு உயரம். #104 செதுக்கும் ஆழம். கல்லுக்குக் கீழே என்பதால் மைனஸ். #105 ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகம். #106 கோட்டின் நீளம். ஆழமும் வேகமும் இங்கே பழகுவதற்காகத் தந்த எண்கள்தான். உண்மையான மெஷினில் கல்லையும் டூலையும் பொறுத்து இவை மாறும்.

கணக்கைச் சதுர அடைப்புக்குள் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் வரும் வளைந்த அடைப்பை இங்கே போடக் கூடாது. வளைந்த அடைப்புக்குள் இருப்பதைக் குறிப்புரை என்று சாப்ட்வேர் எடுத்துக் கொள்ளும். (டிபக் போன்ற சில சொற்களோடு தொடங்கினால் மட்டும் விதிவிலக்கு.) கணக்கு செய்யாமல் எர்ரர் தரும். புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்.

இப்போது அசைவுக் கட்டளைகள்:

ஜி21 ஜி90
ஜி0 இசட்#103
ஜி0 எக்ஸ்0 ஒய்0
ஜி1 இசட்#104 எப்#105
ஜி1 எக்ஸ்#106
ஜி0 இசட்#103
ஜி0 எக்ஸ்0 ஒய்#101
ஜி1 இசட்#104
ஜி1 எக்ஸ்#106
ஜி0 இசட்#103
ஜி0 எக்ஸ்0 ஒய்#100
ஜி1 இசட்#104
ஜி1 எக்ஸ்#106
ஜி0 இசட்#103
எம்2

ஜி21 என்றால் அளவுகள் மில்லிமீட்டரில். ஜி90 என்றால் எல்லா அளவும் பூஜ்யப் புள்ளியிலிருந்து. ஜி0 வேகமாக நகர்வது. ஜி1 செதுக்கிக் கொண்டே நகர்வது. எம்2 முடிவு.

ஆங்கிலத்தில் வள்ளுவர் என்று ஒரு பெயரும், என்ஜிசி என்ற எக்ஸ்டென்ஷனும் கொடுத்து சேவ் செய்து, ஆக்சிஸ் திரையில் திறந்து, ஆர் கீயை அழுத்துங்கள். மூன்று கோடுகள் திரையில் விழும்.

அடுத்த நாள் கடைக்காரர் வந்து, "ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும்" என்கிறார். முதல் வரியில் 133ஐ 199.5 என்று மாற்றினால் போதும். பீடம் தானாக 57 ஆகும், சிலை 142.5 ஆகும். வேரியபிள் இல்லாமல் எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியாகத் தேடி மாற்ற வேண்டும். பதினைந்து வரிகளில் அது முடியும். ஒரு கதவு வேலைப்பாட்டின் பல ஆயிரம் வரிகளில் ஒன்று விட்டுப் போனாலும் கதவு வீண்.

சத்தமில்லாமல் வரும் தவறு

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

ஜி0 இசட்#103 என்று எழுத வேண்டிய இடத்தில் கை தவறி ஜி0 இசட்#113 என்று எழுதிவிட்டீர்கள். #113 என்ற அறைக்கு நாம் எந்த மதிப்பும் தரவில்லை. சாப்ட்வேர் எர்ரர் தருமா? தராது. மதிப்பு தராத எண் அறையில் 0 இருப்பதாக எடுத்துக் கொள்ளும். அப்படியானால் கட்டளை இசட்0 ஆகிவிடுகிறது. கல்லின் மேற்பரப்புக்கு 5 மில்லிமீட்டர் மேலே போக வேண்டிய டூல், மேற்பரப்பிலேயே நின்று கொண்டு, முழு வேகத்தில் அடுத்த இடத்துக்கு ஓடும். முடிந்த வேலையின் குறுக்கே ஒரு கீறல் விழும். வைர முனையும் போகலாம். திரையில் ஒரு செய்தியும் வராது.

இதற்கு மருந்து, எண்ணுக்குப் பதில் பெயர் வைப்பது. இப்படி:

#<_மேலே> = 5

இதையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்திட வேண்டும். பெயருக்கு முன்னால் உள்ள அடிக்கோடு, இந்த வேரியபிள் புரோகிராமின் எல்லாப் பகுதிக்கும் பொது என்று பொருள்படும். அடிக்கோடு இல்லாவிட்டால், எழுதிய பகுதிக்குள் மட்டும் தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. இப்போது பெயரில் ஓர் எழுத்து தவறினாலும், அப்படி ஒரு வேரியபிள் இல்லை என்று சாப்ட்வேர் எர்ரர் தந்து நின்றுவிடும். எர்ரர் வந்தால் எரிச்சல்தான். ஆனால் கல் பிழைத்தது.

எனவே பாதுகாப்பு உயரம், ஆழம் போன்ற ஆபத்தான அளவுகளுக்குப் பெயர் வைப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி. ஒரே வரியில் மதிப்பை மாற்றி, அதே வரியில் பயன்படுத்தக் கூடாது. #110ல் 15 இருக்கும்போது #110=6 ஜி1 எக்ஸ்#110 என்று எழுதினால், மெஷின் 15க்குத்தான் போகும்; போன பிறகுதான் அறையில் 6 சேரும். மதிப்பு தருவதை எப்போதும் தனி வரியில் எழுதுங்கள்.

கரண்ட் போனால் என்ன மிஞ்சும்?

நம் ஊரில் மழைக்காலம் ஆண்டுக்கு இரண்டு முறை. கரண்ட் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எனவே எந்த வேரியபிள் நிலைக்கும், எது அழியும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

#100 போன்ற சாதாரண அறைகள் லினக்ஸ்சிஎன்சி திறந்திருக்கும் வரைதான். மூடித் திறந்தால் 0. பெயர் வைத்த வேரியபிள்களும் அப்படியே. இதில் மறுபக்கமும் உண்டு. சாப்ட்வேரை மூடாமல் காலையில் ஒரு வேலை, மாலையில் இன்னொரு வேலை ஓட்டினால், காலை வேலையின் எண்கள் மாலையிலும் அறைகளில் இருக்கும். அதனால் ஒவ்வொரு புரோகிராமின் தொடக்கத்திலும் தேவையான எல்லா மதிப்புகளையும் புதிதாக எழுதிவிட வேண்டும். பழைய மதிப்பை நம்பக் கூடாது.

சில மதிப்புகள் நிலைக்க வேண்டியிருக்கும். இதுவரை எத்தனை பலகை முடிந்தது என்ற எண்ணிக்கை அப்படி ஒன்று. அதற்கு வழி இது:

1. லினக்ஸ்சிஎன்சியை மூடுங்கள். திறந்திருக்கும்போது செய்தால், மூடும்போது அது பழையதை மேலே எழுதிவிடும்.

2. உங்கள் அமைப்பு உள்ள போல்டரைத் திறந்திடுங்கள். வார் என்ற எக்ஸ்டென்ஷன் உள்ள பைல் ஒன்று இருக்கும். முதலில் அதற்கு ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள்.

3. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் வரிக்கு இரண்டு எண்கள் தெரியும்: அறை எண், மதிப்பு. 5161க்கு முன்னால் புதிய வரி சேர்த்து 200, பிறகு ஓர் இடைவெளி, பிறகு 0.000000 என்று டைப் செய்திடுங்கள். அறை எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் எர்ரர் வரும். ஏற்கனவே உள்ள வரிகளை நீக்கக் கூடாது.

4. சேவ் செய்து மூடுங்கள்.

இனி உங்கள் புரோகிராமில் எம்2க்கு முன்னால் #200 = [#200 + 1] என்று எழுதினால், மூடித் திறந்தாலும் எண்ணிக்கை தொடரும்.

ஆனால் இந்த பைல் எழுதப்படுவது சாப்ட்வேரை முறையாக மூடும்போது. திடீரென கரண்ட் போனால் கடைசி நொடி வரை உள்ள மதிப்பு பைலில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கம்ப்யூட்டருக்கு ஒரு யூபிஎஸ் வைப்பது நல்லது. கரண்ட் வந்த பிறகு வேலையைத் தொடரும் முன், ஸ்டெப்பர் மோட்டார் மெஷின்களில் மீண்டும் ஹோம் செய்தே ஆக வேண்டும். டூல் எங்கே நிற்கிறது என்பது அதுவரை சாப்ட்வேருக்குத் தெரியாது.

பெரிய பட்டறைகளில் பானுக் கன்ட்ரோலரில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்ரோ வசதி உள்ள அந்தக் கன்ட்ரோலர்களில் #100 முதல் #199 வரையிலானவை பவர் ஆப் செய்தால் அழியும். #500லிருந்து தொடங்குபவை நிலைக்கும். அந்தப் பழக்கத்தில் லினக்ஸ்சிஎன்சியிலும் #500 நிலைக்கும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. இங்கே வார் பைலில் வரி இருந்தால்தான் நிலைக்கும்.

இனி பிட்கள்

கல்லில் வேலை செய்யும்போது டூல் மேல் தண்ணீர் விழ வேண்டும். இல்லாவிட்டால் முனை சூடேறிக் கெட்டுவிடும். கல் தூசியும் மூச்சில் ஏறும். பம்ப்பை ஆன் செய்ய எம்8, ஆப் செய்ய எம்9 என்று ஆயத்தக் கட்டளைகளே உள்ளன. ஆனால் பம்ப் ஓடுவது வேறு, தண்ணீர் வருவது வேறு. தொட்டி காலியாக இருந்தாலும் பம்ப் ஓடும். தண்ணீர் உண்மையில் வருகிறதா என்று சொல்ல குழாயில் ஒரு ப்ளோ சுவிட்ச் வைக்கிறோம். வராவிட்டால் அடிக்க ஒரு மணி வைக்கிறோம். இந்த இரண்டுக்கும் சாப்ட்வேரில் தனிக் கட்டளை கிடையாது. இங்கேதான் நாம் அமைக்கும் பிட்கள் வருகின்றன.

லினக்ஸ்சிஎன்சியில் வழக்கமாக 4 உள்வரும் பிட்களும் 4 வெளிச்செல்லும் பிட்களும் நமக்கு என உள்ளன. எண்கள் 0 முதல் 3 வரை. தேவையானால் 64 வரை கூட்டலாம். உள்வரும் பிட் என்றால் மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் தகவல். வெளிச்செல்லும் பிட் என்றால் கம்ப்யூட்டர் மெஷினுக்குத் தரும் உத்தரவு.

பிரின்டர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரில் இவற்றை இணைப்பது எளிது. ஸ்டெப்கான்ப் என்ற உதவிப் புரோகிராமைத் திறந்தால், போர்ட்டின் ஒவ்வொரு பின்னுக்கும் எதிரே ஒரு பட்டியல் இருக்கும். ப்ளோ சுவிட்ச் வயர் வரும் பின்னுக்கு டிஜிட்டல் இன் 0 என்பதையும், மணிக்கான ரிலே உள்ள பின்னுக்கு டிஜிட்டல் அவுட் 0 என்பதையும் தேர்ந்தெடுத்தால் போதும். அருகில் இன்வெர்ட் என்ற சிறிய கட்டம் உண்டு. அதில் டிக் செய்தால் 1 என்பது 0 ஆகவும், 0 என்பது 1 ஆகவும் மாறும்.

இனி புரோகிராமில், ஜி21 வரிக்குப் பிறகு இவற்றைச் சேருங்கள்:

எம்65 பி0
எம்8
எம்66 பி0 எல்3 க்யூ5
ஓ100 இப் [#5399 ஈக்யூ -1]
எம்9
எம்64 பி0
(எம்எஸ்ஜி, தண்ணீர் இல்லை)
எம்2
ஓ100 எண்ட்இப்

எம்65 பி0 என்பது 0ஆம் வெளி பிட்டை 0 ஆக்கும். அதாவது மணியை நிறுத்தும். எம்8 பம்ப்பை ஓட்டும். எம்66 வரி, 0ஆம் உள் பிட் 1 ஆகும் வரை காத்திருக்கும். எல்3 என்றால் 1 ஆகும் வரை. க்யூ5 என்றால் அதிகபட்சம் 5 வினாடி. அதற்குள் 1 வராவிட்டால் #5399 என்ற சாப்ட்வேரின் சொந்த அறையில் -1 விழும். அடுத்த வரி அதைச் சோதிக்கிறது. ஈக்யூ என்றால் சமமா என்று பொருள். சமம் என்றால் பம்ப்பை நிறுத்தி, எம்64 மூலம் மணியை அடித்து, செய்தி காட்டி, வேலையை முடித்துவிடும். டூல் கல்லைத் தொடவே தொடாது. செய்தியையும் ஆங்கில எழுத்தில் தாருங்கள். புரோகிராம் ஓடி முடியும் இடத்தில், கடைசி எம்2க்கு முன்னால், எம்9 சேர்க்க மறக்க வேண்டாம்.

பொய் மெஷினில் தண்ணீருக்கு எங்கே போவது? ஆக்சிஸ் திரையில் மெஷின் மெனுவில் ஹால் அமைப்பைக் காட்டும் பிரிவைத் திறந்திடுங்கள். சாப்ட்வேருக்குள் எந்த வயர் எதோடு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் பகுதிதான் ஹால். அங்கே கட்டளை டைப் செய்யும் வரியில் செட்பி மோஷன்.டிஜிட்டல்-இன்-00 1 என்று தந்தால் தண்ணீர் வருவதாக சாப்ட்வேர் எண்ணிக் கொள்ளும். 1க்குப் பதில் 0 தந்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். 5 வினாடி காத்திருந்து, செய்தி காட்டி நிற்கும்.

எம்64, எம்65 கட்டளைகள் உடனே வேலை செய்யும். எம்62, எம்63 என்றும் இரண்டு உண்டு. இவையும் பிட்டை 1 ஆக்கும், 0 ஆக்கும்; ஆனால் அடுத்த அசைவு தொடங்கும் நொடியில்தான். அதற்குப் பிறகு அசைவே இல்லை என்றால் பிட் மாறவே மாறாது. புரோகிராமின் கடைசியில் எம்63 எழுதிவிட்டு "ஏன் நிற்கவில்லை" என்று வயரைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு.

பிட்டை நம்பக் கூடாத இடங்கள்

ஒன்று. எம்66 ஒரே ஒரு முறைதான் பார்க்கும். பாதி வேலையில் தண்ணீர் நின்றால் அதற்குத் தெரியாது. தொடர்ந்து கண்காணிக்க வேண்டுமானால், ப்ளோ சுவிட்சை ஹாலில் மோஷன்.பீட்-இன்ஹிபிட் என்ற பிட்டோடு இணைக்க வேண்டும். அந்த பிட் 1 ஆனால் செதுக்கும் அசைவு நின்றுவிடும். நம் சுவிட்ச் தண்ணீர் இருக்கும்போது 1 தருவதால், இடையில் அதைத் தலைகீழாக்க வேண்டும். இதை விவரம் தெரிந்தவர் துணையோடு செய்திடுங்கள்.

இரண்டு. வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று கட்டாயம் சோதியுங்கள். ப்ளோ சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு ஹால் திரையில் பிட்டைப் பாருங்கள். 0 காட்டினால் நல்லது. தண்ணீர் இல்லை என்று மெஷின் நிற்கும். 1 காட்டினால் ஆபத்து. வயரே இல்லாதபோது தண்ணீர் வருவதாக மெஷின் நம்புகிறது. பல பிரின்டர் போர்ட்களில் எதுவும் இணைக்காத பின் 1 என்றே காட்டும். அப்படியானால் வயரிங்கையும் இன்வெர்ட் கட்டத்தையும் மாற்றி, அறுந்த வயர் தண்ணீர் இல்லை என்றே பொருள்படும்படி அமைக்க வேண்டும்.

மூன்று. வேலையை நடுவில் நிறுத்தினால், புரோகிராமின் கடைசியில் உள்ள எம்65 வரி ஓடாது. வெளி பிட்டில் இணைத்த கருவி ஓடிக் கொண்டே இருக்கலாம். எனவே தொடக்கத்திலும் ஒரு முறை எல்லாவற்றையும் 0 ஆக்குங்கள்.

நான்கு. இதுதான் முக்கியம். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் ஒரு பிட்டாக மட்டும் இருக்கவே கூடாது. கம்ப்யூட்டர் உறைந்து போனால் பிட்டும் உறைந்து போகும். சிவப்பு பட்டனை அழுத்தினால் மோட்டார்களுக்கும் டூலைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கும் போகும் பவர் வயர் வழியாகவே துண்டிக்கப்பட வேண்டும். பட்டன் அழுத்தப்பட்டது என்ற தகவல் மட்டும் பிட்டாக கம்ப்யூட்டருக்கு வரட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இவ்வளவு அமைத்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலைக்கு கம்ப்யூட்டரே தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை மெஷின் பக்கத்தில் தொங்க விடுங்கள். ஒவ்வொரு வேரியபிளுக்கும் பிட்டுக்கும் ஒரு வரி: அதன் எண் அல்லது பெயர், என்ன பொருள், என்ன அலகு, எந்தப் புரோகிராம் மாற்றுகிறது, மூடினால் நிலைக்குமா. பிட் என்றால் கூடுதலாக, 1 என்றால் என்ன, 0 என்றால் என்ன, எந்த பின், எந்த நிற வயர். ஆறு மாதம் கழித்து #104 எதற்கு என்று எழுதியவருக்கே நினைவிருக்காது. உங்களுக்குப் பின் அந்த மெஷினில் நிற்கப் போகும் பையனுக்கு எப்படித் தெரியும்?

மெஷினில் முதல் முறை ஓட்டும்போது, பாதுகாப்பு உயரத்தைக் கூட்டி, ஆழத்தையும் கல்லுக்கு மேலே இருக்கும்படி மைனஸ் இல்லாமல் தந்து, காற்றில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும். வேரியபிள் வைத்ததன் பலன் அப்போதே தெரிந்துவிடும்.

இன்று மாலை பொய் மெஷினில் மூன்று கோடுகளைப் போட்டுப் பாருங்கள். பிறகு 133ஐ மாற்றிப் பாருங்கள். வேண்டுமென்றே #103ஐ #113 ஆக்கி, கோடு எப்படித் தவறாகப் போகிறது என்பதையும் திரையில் பாருங்கள். இந்தத் தவறைத் திரையில் செய்தால் செலவில்லை. கல்லில் செய்தால் சிற்பியின் ஒரு நாள் உழைப்பு போய்விடும்.